மாஸ்டரின் அலுமாரியும் என் தங்கச்சியும்

பவானி வாசலில் நின்றாள். இடுப்பில் பிள்ளை, தோளில் ஒரு பை, காலடியில் இன்னொரு பை. மழை அவளுடைய முதுகில் பெய்துகொண்டிருந்தது. ஒரு காலைத் தூக்கி உள்ளே வைக்கப் பார்த்தாள். வைக்க இடமில்லாமல் திரும்பவும் வெளியே எடுத்தாள்.

"என்னக்கா, சாமான் கடை போட்டிட்டியளே?" என்றாள்.

நான் சிரித்தேன். வெட்கத்தில் வந்த சிரிப்பு. என் கூடப்பிறந்தவள். உயிரோடு இருக்கிறாளோ என்று தெரியாமல் மாதக்கணக்காக நான் தவித்தவள். சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டுக் கைக்குழந்தையோடு கடலேரி கடந்து, கிளிநொச்சியில் இருந்து, அங்கேயும் நிற்க முடியாமல் அக்கராயனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்து, மாங்குளம் சுற்றி விசுவமடுவுக்கு என்னைத் தேடி வந்திருக்கிறாள். ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க வேண்டாமா? முடியவில்லை. எனக்கும் அவளுக்கும் நடுவில் யாரோ ஒருவரின் தையல் மெசின். அதற்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்த ஒரு நீளச் சோபா செற்றி. அதற்குப் பின்னால் கழற்றிக் கொண்டுவந்த ஜன்னல்கள்.

"அதிலையே நில்லடி, நான் சுத்தி வாறன்," என்று குசினி வழியாக வெளியே போய், மழையில் நனைந்துகொண்டு வீட்டைச் சுற்றி வந்துதான் என் தங்கச்சியைத் தொட்டேன். இரண்டு பேரும் தெப்பமாக நனைந்துபோய் நின்று அழுதோம். எங்களுக்கு அழவும் முற்றம்தான் கிடைத்தது.

மகளின் முறைப்பாடு

போன கிழமை லண்டனில் இருந்து என் மகள் செல்வி போன் எடுத்தாள். "அம்மா, வீட்டுக்குள்ள கால் வைக்க இடமில்லை" என்று ஒரே புலம்பல். பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான், போடாத உடுப்பு, திறக்காத பெட்டி. அதனால் அவளுக்கும் மனுசனுக்கும் ஒவ்வொரு நாளும் வாக்குவாதமாம். வீடியோவில் காட்டினாள். கடவுளே, மலிவு விற்பனை என்று எழுதியிருந்தால் கப்பலையும் வாங்கிக் கொண்டுவந்து வைப்பார்கள் போலிருந்தது.

"நாளைக்கு நான் வந்தால் எங்கை படுக்கிறது?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு ஹோட்டலிலை றூம் போடலாமம்மா," என்றாள்.

நான் போனை வைத்துவிட்டேன். அவளுக்குக் கோபம். நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று அவளுக்குத் தெரியாது. பவானி வந்தபோது அவளுக்குப் பத்து வயது. தன் சித்தி வாசலில் நின்றது நினைவிருக்குமோ என்னவோ. எனக்கு இருக்கிறது. அதனால்தான் இந்தக் கிழமை இதை எழுதுகிறேன்.

"அதுக்கென்ன, இறக்குங்கோ"

இவர் என்று நான் எழுதுவது என் மனுசனை. பெயர் சொல்லிப் பழக்கமில்லை. இப்போது போய்ச் சேர்ந்துவிட்டார், இருந்தாலும் வாய் வரவில்லை.

இவருக்கு இல்லை என்ற சொல்லே தெரியாது. எங்களுடையது கல்வீடு. மேலே ஓடு, நடுவில் ஒரு பெரிய அறை, பக்கத்தில் சின்ன அறை, முன்னால் விறாந்தை, பின்னால் குசினி. வீதிக்கரை வேறு. சண்டைக்கு ஓடிவந்த கிளிநொச்சிச் சனம் உழவு மெசினிலும் மாட்டு வண்டிலிலும் சாமான் ஏற்றிக்கொண்டு எங்கள் வாசல் படலையைத் தாண்டித்தான் போக வேண்டும். இதற்கு மேல் இழுக்க முடியாது என்று எந்த இடத்தில் தோன்றுமோ, அது எப்படியோ எங்கள் படலையாகவே இருந்தது.

"அண்ணை, ஒரு கிழமைக்கு இதை வைச்சிருங்கோ. இடம் பாத்திட்டு வந்து எடுக்கிறம்."

"அதுக்கென்ன, இறக்குங்கோ."

முதலில் ஒரு ரங்குப்பெட்டி வந்தது. பிறகு தையல் மெசின். பிறகு கரண்ட் இல்லாத ஊரில் தண்ணீர் குளிர வைக்கிற ஒரு பிறிச், ஒரு ரீவி. ஒரு குடும்பம் தங்கள் வீட்டு ஜன்னல்களைக் கழற்றிக் கொண்டுவந்து வைத்தது. வீடு அங்கே, ஜன்னல் இங்கே. இன்னொருவர் கலியாணப் படத்தைக் கண்ணாடிச் சட்டத்தோடு கொண்டுவந்து தந்தார். முன்பின் தெரியாத ஒரு மாப்பிள்ளையும் பொம்பிளையும் எங்கள் சின்ன அறைச் சுவரில் இருந்து எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியாக வந்தது மாஸ்டரின் அலுமாரி. மாஸ்டர் கிளிநொச்சியில் படிப்பித்தவர், மனைவியும் ரீச்சர். இவருக்குச் சந்தையில் கண்டு பேசிய பழக்கம். அலுமாரி ஆள் உயரத்துக்கு மேலே, மூன்று கதவு, நடுவில் நிலைக்கண்ணாடி, எல்லாம் பிளைவூட். நடு அறையில் மிச்சமிருந்த இடத்தை அது எடுத்துக்கொண்டது. மாஸ்டர் இவருடைய கையைப் பிடித்து, "கவனம், தம்பி" என்று சொல்லிவிட்டு ஓமந்தைப் பக்கம் போனவர்தான்.

வந்தாரை வாழவைக்கும் வன்னி என்பார்கள். எங்கள் வீட்டில் வந்த சாமான் நன்றாக வாழ்ந்தது.

சிவன் சொத்து

இவரையும் முழுக்கக் குறை சொல்ல ஏலாது. அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

என் மாமனார் யாழ்ப்பாணத்தில் இருந்து காணி கிடைத்துக் காடு வெட்ட வந்தவர். வந்தபோது மாங்குளம் ஸ்டேசனில் இறங்கி, பெண்சாதியின் தாலிக்கொடி உட்பட எல்லாம் இருந்த பெட்டியைச் சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். காட்டில் காய்ச்சல் வந்து படுத்தவர், ஒரு போகம் முழுக்கத் திரும்பி வரவில்லை. கடைசியில் வந்து பார்த்தால் பெட்டி கட்டின கயிறு அவிழாமல் இருந்ததாம். கடைக்காரர், "அடைக்கலமா வைச்ச பொருள் சிவன் சொத்துத் தம்பி" என்றாராம்.

இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே மாமனார் மகனை வளர்த்தார். மாமனார் எனக்குச் சொன்னபோது நானும் கண் கலங்கிக் கேட்டவள்தான். ஆனால் கடைக்காரரிடம் இருந்தது ஒரு பெட்டி. எங்களிடம் இருந்தது ஒரு பட்டினம்.

கதிரையில் இராத குடும்பம்

எங்கள் வீட்டில் கதிரைகள் கூரைவரை அடுக்கிக் கிடந்தன. நாங்கள் நிலத்தில் இருந்து சாப்பிட்டோம். ஏனென்றால் அது ஊரார் கதிரை. ஒருநாள் செல்வி ஒன்றை இழுத்துப் போட்டு இருந்து படித்தாள். இவர் அவளை அடிக்கவில்லை, பேசவுமில்லை. கதிரையைத் துடைத்து, எடுத்த இடத்தில் வைத்தார். பிள்ளை அதற்குப் பிறகு கிணற்றுக்கட்டில் இருந்துதான் படித்தாள்.

பிள்ளை ஓட மறந்தாள். திரும்பினால் இடிக்கும், குதித்தால் விழும். பத்து வயதுப் பிள்ளை கிழவி மாதிரி ஒவ்வொரு அடியும் பார்த்து வைத்தாள். எலி வந்தது, எலிக்குப் பின்னால் பாம்பும் வந்தது. ஒருநாள் ஜன்னல்களுக்கு இடையில் இருந்து ஒரு புடையனை அடித்தோம். நாங்கள் மூன்று பேரும் விறாந்தையின் ஒரு கரையில் ஒரே பாயில் ஒடுங்கினோம்.

எல்லாவற்றையும் விட மோசம், பேச்சுப் போனது. முன்பெல்லாம் இவர் தோட்டத்தால் வந்தால் மிளகாய் எப்படி, வெங்காயம் எப்படி என்று ஏதாவது கதைப்பார். நான் பதிலுக்கு ஊர்ப் புதினம் சொல்வேன். இப்போது வீட்டுக்குள் ஒரே கதைதான். "பாத்து." "மெல்ல." "தட்டாதை, அது ஆரின்ரையோ." புருசன் பெண்சாதி பேசுவதற்கும் கொஞ்சம் வெற்றிடம் வேண்டும். அது எங்களிடம் இல்லாமல் போயிற்று.

இந்த வீட்டு வாசலில்தான் என் தங்கச்சி வந்து நின்றாள்.

புளியமிலை

பவானியின் மனுசன் கொழும்பில் வேலை. சண்டையில் பாதை பூட்டியதில் அவர் அந்தப் பக்கம், இவள் இந்தப் பக்கம். அவளுக்கு வன்னியில் என்னை விட்டால் ஒருவரும் இல்லை. பிள்ளை அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தான். மழைக்காலம் முடியும்வரைக்கும் அவளுக்குத் தேவை ஒழுகாத ஒரு கூரை. வேறொன்றும் இல்லை.

பனங்கட்டியோடு தேத்தண்ணி கொடுத்து, தலை துவட்டி, குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் பாய் போட்டுக் கொடுத்தேன். அந்தக் கூரை கிடுகு. இரண்டு இடத்தில் ஒழுகியது. விளக்கு வைக்கிற நேரம் இவரை விறாந்தைக்குக் கூப்பிட்டேன்.

"இஞ்சாருங்கோ, மாஸ்டரின்ரை அலுமாரியையும் செற்றியையும் விறாந்தைக்கு எடுப்பம். நடு அறையிலை கொஞ்சம் இடம் வரும். அவளும் பிள்ளையும் படுக்கட்டும்."

"விறாந்தையிலை தூவானம் அடிக்கும். பிளைவூட் ஊதிப்போம்."

"ஊதினா ஊதட்டும்."

"மாஸ்டர் வந்து கேட்டா என்ன முகத்தோடை நிப்பன்?"

"என்ரை தங்கச்சிக்கு முன்னாலை என்ன முகத்தோடை நிக்கிறியள்?"

இவர் குசினிப் பக்கம் ஒருக்கால் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார். "பவானி எங்கடை பிள்ளையப்பா. ஒதுங்கிப் படுப்பாள், ஒண்டும் நினைக்க மாட்டாள். பிறத்தியின்ரை பொருள் அப்பிடியே?"

எங்கள் ஆட்கள் காலங்காலமாக விடுகிற பிழை இதுதான். பிறத்தியார் என்றால் பயம், மரியாதை. சொந்தம் என்றால் பொறுக்கும், ஒதுங்கும், பழஞ்சோறு தின்னும். நல்ல பாயை விருந்தாளிக்குச் சுருட்டி வைத்துவிட்டு, பிள்ளையைச் சாக்கில் படுக்க வைக்கிற சாதி நாங்கள். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த அலுமாரியைக் கோடரியால் கொத்தியிருக்க வேண்டும். நான் அழுதேன். அதுதான் எனக்குத் தெரிந்தது.

குரல் தணித்துத்தான் பேசினோம். ஆனாலும் பவானிக்குக் கேட்டிருக்கிறது. விடிய எழும்பிப் பார்க்கிறேன், பையைக் கட்டி வைத்துக்கொண்டு இருக்கிறாள்.

"எங்கையடி வெளிக்கிடுறாய்?"

"குளக்கட்டுப் பக்கம் எங்கடை ஊர்ச்சனம் கொட்டில் போடுகினமாம். நானும் அவையோடை போய் இருக்கிறன்."

"விசரே உனக்கு? மனமிருந்தா புளியமிலையிலையும் ரெண்டு பேர் படுக்கலாம்."

"படுக்கலாமக்கா. அந்தப் புளியமிலைக்கு மேலை மாஸ்டரின்ரை அலுமாரி எல்லோ நிக்குது," என்று சிரித்தாள். பகிடி என்றுதான் சொன்னாள்.

"எந்த அலுமாரி?"

ஒன்றை இந்த இடத்தில் சொல்லாமல் அப்பால் போக என்னால் முடியாது.

சில வருசம் கழித்து, வன்னியை விட்டு வெளியே போக அனுமதிப் பாஸ் எடுத்து வவுனியாவுக்குப் போனேன். பஸ் நிலையத்தில் மாஸ்டரின் மனைவியைக் கண்டேன். ரீச்சர் என்னை அடையாளம் கண்டு, கையைப் பிடித்துச் சுகம் விசாரித்தா. நான், "உங்கடை அலுமாரி" என்று தொடங்கினேன்.

"எந்த அலுமாரி?" என்றா.

சொன்னேன். மூன்று கதவு, நடுவில் கண்ணாடி. அவா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஓ, அதோ? அது பழசெல்லே. வெளிக்கிடேக்கை எறிய மனம் வரேல்லை, அதுதான் உங்கடை வீட்டிலை இறக்கினனாங்கள்" என்றா. நல்ல மனுசி. சிரித்துக்கொண்டுதான் சொன்னா.

நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். இந்தப் பேச்சை இவரிடம் அவர் சாகும்வரை நான் சொல்லவில்லை.

குளக்கட்டு

இவர் கல்நெஞ்சுக்காரராக இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். திட்டித் தீர்த்திருப்பேன். ஆனால் பவானியின் கொட்டிலைப் போட்டவர் இவர்தான். எங்கள் வேலிக் கிடுகைப் பிரித்துக் கொண்டுபோய் மேய்ந்தார். நல்ல காட்டுத்தடியாகப் பார்த்து வெட்டினார். மேலே போட எங்கிருந்தோ ஒரு தறப்பாள் கொண்டுவந்தார். ஒவ்வொரு நாளும் தோட்டத்தால் வரும்போது அவளுக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். அந்த ஒரு அலுமாரியை மட்டும் அசைக்க அவருக்குத் துணிவு வரவில்லை.

குளக்கட்டு மழைக்காலத்தில் சனம் இருக்கிற இடமில்லை. நிலம் ஊறும். நுளம்பு கையால் அள்ளலாம். நான் காலையும் மாலையும் சோறு கொண்டுபோவேன். பவானி பிள்ளையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, தான் நுளம்புக்குக் கடி கொடுத்துக்கொண்டு இருப்பாள்.

பிறகு காய்ச்சல் வந்தது. ஒருநாள் போகிறேன், ஒரு சாக்கைப் போர்த்துக்கொண்டு பல்லுக் கிட்டிப்போய் இருக்கிறாள்.

"குளிருதக்கா."

"எழும்பு, வீட்டை போவம்."

"வந்தா நீங்கள் அத்தானோடை சண்டை பிடிப்பியள். சுகமாகட்டும், வாறன்."

பிள்ளையை மட்டும் நான் தூக்கிக்கொண்டு வந்தேன். அந்தக் காலம் வன்னி முழுக்க மலேரியா. மருந்துக் குளிசைக்குத் தட்டுப்பாடு. காய்ச்சல் விட்டது போலிருக்கும், திரும்ப வரும். அடுத்த முறை காய்ச்சல் வந்தபோது அவள் ஆளை ஆள் தெரியாமல் கதைக்கத் தொடங்கிவிட்டாள். இவர்தான் அவளைச் சைக்கிள் கரியரில் வைத்து, ஒரு கையால் அணைத்து, மற்றக் கையால் உருட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். நானும் கூடப்போக வெளிக்கிட, "நீ பிள்ளையைப் பார்" என்றார். நான் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் நின்றேன்.

நடு அறை

மறுநாள் காலையில் நான் குசினிக்குள் பிள்ளைக்குப் பால்மா கரைத்துக்கொண்டிருந்தேன். நடு அறையில் இருந்து கிறீச் என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் இவர். எப்போது வந்தார் என்று தெரியாது. சேட்டும் கழற்றவில்லை. மாஸ்டரின் அலுமாரியை நெஞ்சால் முட்டித் தள்ளிக்கொண்டிருக்கிறார்.

என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரியில் வீட்டுக்குப் போகச் சொல்லித் துண்டு வெட்டிவிட்டார்கள், தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வந்து இங்கே வைத்திருக்கத்தான் இடம் எடுக்கிறார் என்று நினைத்தேன். பிள்ளையைச் செல்வியிடம் கொடுத்துவிட்டு ஓடிப்போய் மற்றக் கரையைப் பிடித்தேன்.

"இப்பவாவது புத்தி வந்துதே உங்களுக்கு," என்றேன்.

இரண்டு பேருமாக அலுமாரியை விறாந்தைக்கு இழுத்தோம். அங்கே விடாமல் படியால் இறக்கி முற்றத்துக்கே கொண்டுபோனார். மழை தூறிக்கொண்டிருந்தது. "இந்தளவும் வேண்டாம், விறாந்தை போதும்" என்று நானே சொன்னேன். அவர் கேட்கவில்லை. செற்றி, மெசின், பிறிச், ஜன்னல்கள், கதிரைகள் எல்லாம் முற்றத்துக்குப் போயின. நான் விளக்குமாற்றை எடுத்து எலிப் புழுக்கையும் தூசியும் கூட்டி அள்ளினேன். கனகாலத்துக்குப் பிறகு அந்த நிலத்தின் சிவப்புச் சீமெந்து தெரிந்தது. எனக்குப் பாட்டு வராத குறை.

"செல்வி, அந்தப் பெரிய பாயைக் கொண்டு வா. சித்தியை இந்தக் கரையிலை படுக்க வைப்பம், காத்து வரும்," என்றேன்.

அப்போதுதான் இவர் வாயைத் திறந்தார்.

"பாய் வேண்டாமப்பா. குத்துவிளக்கை எடுத்து மினுக்கு. பவானியை இந்த வீட்டிலை இருந்துதான் எடுக்க வேணும். கொட்டிலிலை இருந்து எடுக்க நான் விடமாட்டன்."

எங்கள் ஊரில் எடுப்பது என்றால் பிரேதத்தைத்தான். விளக்குமாறு என் கையில் அப்படியே இருந்தது. விளங்கவும் விளங்கியது, விளங்கவும் இல்லை. செல்விதான் முதலில் அழுதாள்.

தவழ்கிற பிள்ளை அவளுடைய மடியால் இறங்கி, அந்த வெறும் நிலத்தில் ஒரு சுவரில் இருந்து மற்றச் சுவருக்குப் போனான். எங்கள் வீட்டில் அவன் ஒன்றிலும் இடிபடாமல் போனது அன்றைக்குத்தான். தகப்பன் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்க, அவன் பிறகு எங்கள் பிள்ளையாகவே வளர்ந்தான்.

இவர் அறைக்கு நடுவில் நின்று நாலு சுவரையும் பார்த்தார். எல்லாம் வெளியே எடுக்க எவ்வளவு நேரம் பிடித்தது? தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தால் ஆறியிருக்காது.

"இவ்வளவு இடம் இருந்திருக்குது, என்னப்பா," என்றார்.

"ஓம்," என்றேன்.

அவரைத் திட்டவேண்டும் போலிருந்தது. அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுத் திட்டவில்லை. இருந்தாலும் அன்றைக்கு அவரை நான் மன்னிக்கவும் இல்லை.

மத்தியானம் பவானியைக் கொண்டுவந்தார்கள். முற்றத்தில் மாஸ்டரின் அலுமாரி நனைந்துகொண்டு நின்றது, ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. அவளை அறையின் நடுவில் கிடத்தினோம். குளக்கட்டுச் சனம் முழுக்க வந்தது. எல்லாரும் உள்ளே வந்து, அவளைச் சுற்றி இருந்து அழுதார்கள். அத்தனை பேருக்கும் இடம் இருந்தது.